கடைத்தெரு பார்க்கிங்: அடுக்குமாடி கட்டும் முன் ரோட்டில் செய்ய வேண்டியவை – முழுமையான வழிகாட்டி

ஒரு கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை என்று புகார் கிளம்பியதும் பெரும்பாலான ஊர்களில் ஒரே தீர்வைத்தான் சொல்வார்கள், மல்டி லெவல் பார்க்கிங் கட்டிவிடலாம் என்று. டெண்டர், பூமி பூஜை, திறப்பு விழா எல்லாம் முடியும். அப்புறம் போய்ப் பார்த்தால் மேல் தளங்கள் காலியாகக் கிடக்கும், வாசலுக்கு நேர் எதிரே ரோட்டில் இரண்டு வரிசையாக வண்டி நிற்கும். சென்னை தி.நகர் தணிகாசலம் சாலையில் கட்டியதற்கும், கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் கட்டியதற்கும் திறந்த புதிதில் கூட்டம் வரவில்லை என்றுதான் பேப்பரில் செய்தி வந்தது. மக்களுக்கு ஒழுங்கு இல்லை என்று திட்டுவது சுலபம். ஆனால் கடை வாசலில் நிறுத்தினால் இலவசம், நடக்கும் தூரத்துக்குத் தள்ளிப்போய் ரேம்ப் ஏறி நிறுத்தினால் காசு என்று நாமே வைத்துவிட்டு, ஏன் யாரும் உள்ளே வரவில்லை என்று கேட்டால் எப்படி?

அதனால் இந்த வழிகாட்டியில் கட்டடம் கடைசியில்தான் வரும். முதலில் ரோடு. வார்டு கவுன்சிலர், நகராட்சிப் பொறியாளர், வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் என யார் ஆரம்பித்தாலும் வரிசை இதுதான். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டு ஊர்களையே எடுத்திருக்கிறேன், வெளியூர்க் கதைகள் தேவைப்பட்ட இடத்தில் மட்டும்.

1. எல்லையைக் குறியுங்கள்

ஊர் முழுக்க ஒரே நாளில் செய்யப் போகாதீர்கள். ஒரு கடைத்தெருவை எடுங்கள், அதோடு ஐந்து நிமிட நடையில், அதாவது ஏறக்குறைய 400 மீட்டருக்குள், வரும் எல்லாக் குறுக்குத் தெருக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சேர்க்கைதான் முக்கியம். மெயின் ரோட்டில் மட்டும் கட்டணம், கண்டிப்பு என்று கொண்டுவந்தால் அத்தனை வண்டியும் பின்னால் இருக்கும் வீட்டுத் தெருவுக்குள் போய் நிற்கும், ஒரே வாரத்தில் அந்தத் தெருக்காரர்கள் மனுவோடு வந்துவிடுவார்கள். தி.நகரில் தியாகராய சாலையை மட்டும் பார்த்தால் போதாது, அதன் இருபுறமும் பிரியும் தெருக்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எல்லைக்கு ரயில் பாதை, கால்வாய், பெரிய ரோடு போன்ற இயற்கையான தடுப்புகள் கிடைத்தால் நல்லது.

2. யாருக்கு என்ன அதிகாரம் என்று எழுதி வாங்குங்கள்

சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. ரோடு மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதிலிருந்தே தொடங்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 117ஆம் பிரிவுப்படி, வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கோ அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கோதான், அதையும் உள்ளாட்சியைக் கலந்துகொண்டு செய்ய வேண்டும். கட்டணத்துக்கு மாமன்றத் தீர்மானம் வேண்டும். அபராதமும் வண்டியைத் தூக்குவதும் போலீஸ் கையில். இந்த மூன்று தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்தத் தெருவில் யார் என்ன செய்வார்கள் என்று கையெழுத்து வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இல்லையென்றால் பிறகு மாநகராட்சி போலீஸைக் கைகாட்டும், போலீஸ் மாநகராட்சியைக் கைகாட்டும்.

3. எண்ணுங்கள் (இதில் மட்டும் சோம்பல் கூடாது)

"இடமே இல்லை" என்பது ஒரு கருத்து. எத்தனை வண்டி, எவ்வளவு நேரம், யாருடையது என்பது தகவல். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவை அளக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்து, முனை, கேட், பஸ் ஸ்டாப், டிரான்ஸ்ஃபார்மர், குப்பைத் தொட்டி, கோயில் வாசல், தள்ளுவண்டி நிற்கும் இடம் என்று எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து ஆபீஸில் உட்கார்ந்து வரைந்தால் சரிவராது, டிரான்ஸ்ஃபார்மர் அதில் தெரியாது.

அடுத்தது நம்பர் பிளேட் கணக்கு. ஒரு ஆள், ஒரு அட்டை, ஒரு பேனா. காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து வரை, அரை மணிக்கு ஒரு தடவை அதே பாதையில் நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் கடைசி நான்கு எண்ணையும் எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு குறியீடு: கார், டூவீலர், ஆட்டோ, லோடு வண்டி, கோட்டுக்குள் நிற்கிறதா, நடைபாதை மேல் ஏறியிருக்கிறதா, இன்னொரு வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையா. டூவீலர் மொத்தமாகக் குவிந்து கிடக்கும் இடத்தில் எல்லா எண்ணையும் எழுத முடியாது. அங்கே மொத்த எண்ணிக்கையைப் போட்டுவிட்டு, ஐந்து வண்டிக்கு ஒன்று வீதம் எண்ணைக் குறித்தால் போதும். ஒரு சாதாரண வார நாள், ஒரு சனி அல்லது ஞாயிறு. தீபாவளிக்கு முந்தின வாரத்திலோ ஆடித் தள்ளுபடி நேரத்திலோ எடுக்காதீர்கள், அந்தக் கணக்கை வைத்து வருடம் முழுமைக்கும் திட்டம் போட்டால் தேவையில்லாத கட்டடத்தில்தான் முடியும். அதோடு ஒரே ஒரு சுற்று, விடியற்காலை ஐந்து மணிக்கு. கடைகள் மூடியிருக்கும் அந்த நேரத்தில் நிற்பவை அந்தப் பகுதிக்காரர்களின் வண்டிகள், அவர்களுக்கான ஏற்பாடு வேறு.

இந்தத் தாள்களை வரிசையாக அடுக்கி வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும். ஒன்பதரைக்கு எழுதிய அதே நான்கு எண், பத்துக்கும், பத்தரைக்கும், மதியம் இரண்டுக்கும், இரவு எட்டரைக்கும் அதே வரிசையில், அதே கடை வாசலில் இருக்கும். அது வாடிக்கையாளர் வண்டி இல்லை. முதலாளியுடையது, மேனேஜருடையது, சேல்ஸ்மேன்களின் பைக்குகள். "பார்க்கிங் இல்லாததால் வியாபாரம் போச்சு" என்று முதலில் மனு கொடுக்கும் கடையின் வாசலிலேயே பலசமயம் இந்த வரிசை நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மீட்டர் தெருவின் ஒரு பக்கத்தில் முனை, கேட், பஸ் ஸ்டாப் எல்லாம் கழித்து 240 மீட்டர் மிஞ்சுகிறது என்று வைப்போம். ரோட்டை ஒட்டி நீளவாக்கில் நிறுத்த ஒரு காருக்கு 6 மீட்டர் என்றால் 40 கார். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை பன்னிரண்டு மணி நேரம், ஒரு வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றால் ஒரு இடத்தில் எட்டு வண்டி, மொத்தம் 320 வண்டிக்கு இடம் கிடைக்கும். இந்த 40இல் 30 இடத்தைக் கடைக்காரர்களே நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டால் மிச்சம் 10 இடம், 80 வாடிக்கையாளர். அதே ரோடு, அதே அகலம். 240 வாடிக்கையாளர் வண்டிகளுக்கான இடத்தை 30 வண்டிகள் தின்றுவிட்டன. இதை வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், பெயர் எதுவும் சொல்லாமல், தாளில் காட்டுங்கள். பேச்சு அங்கேயே மாறும்.

இது நம் ஊர் வியாதி என்றும் நினைக்க வேண்டாம். உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் (காசு போட்டால் நிறுத்தும் நேரத்தைக் காட்டும் கருவி) 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் வைக்கப்பட்டது, மணிக்கு ஐந்து சென்ட். கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர் அந்த யோசனையைக் கொண்டுவந்ததற்குக் காரணமே, கடைவீதியில் வேலை பார்ப்பவர்கள் காலையில் காரை நிறுத்தினால் சாயங்காலம்தான் எடுக்கிறார்கள், வாங்க வருகிறவர்களுக்கு இடமில்லை என்ற புகார்தான்.

4. ஏற்கெனவே இருக்கும் இடத்தைத் தேடுங்கள்

கடைத்தெருவில் உள்ள பெரிய கட்டடங்களின் அனுமதி வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பேஸ்மென்ட் கார் பார்க்கிங் என்று போட்டு அனுமதி வாங்கியிருப்பார்கள். நேரில் போனால் அது குடோன், இல்லையென்றால் "டிஸ்கவுன்ட் செக்ஷன்". வாட்ச்மேன் வாசலில் நின்று "உள்ள ஃபுல் சார்" என்று கையை ஆட்டுவார். அந்த பேஸ்மென்ட்டுகளை மீட்பதுதான் ஊரிலேயே மலிவான புது பார்க்கிங், ஒரு மூட்டை சிமென்ட்கூடத் தேவையில்லை. ஒரு மாதம் அவகாசம் கொடுத்து நோட்டீஸ், அப்புறம் நேரில் ஆய்வு, அப்புறம் நடவடிக்கை. இதற்கு அரசியல் தைரியம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இதைச் செய்யாமல் மக்கள் பணத்தில் புதுக் கட்டடம் கட்டுவது அந்தக் கடைகளுக்கு நாம் கொடுக்கும் மானியம்.

இது தவிர, பகலில் காலியாக இருக்கும் கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் அலுவலக வளாகம், ரயில்வே, மெட்ரோ, அறநிலையத் துறை இடங்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். எத்தனை வண்டி, எந்த நேரம், எவ்வளவு காசு என்பதை மூன்றாம் படியின் வரைபடத்திலேயே ஏற்றிவிடுங்கள்.

5. முதலில் நிறுத்தக்கூடாத இடம், பிறகு நிறுத்தும் இடம்

ரோட்டை எடுத்துக்கொண்டு எத்தனை கார் அடைக்கலாம் என்று ஆரம்பித்தால் கடைசியில் நடப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. தலைகீழாக வாருங்கள். நடைபாதைக்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் அதைவிட அதிகம். அப்புறம் பஸ் ஸ்டாப், ஜீப்ரா கிராசிங், ஆஸ்பத்திரி, பள்ளி வாசல், முனைகள். முனைகளை விட்டுக்கொடுக்கவே கூடாது. தெருமுனையில் ஒரு கார் நின்றாலே பஸ் ஒரே வெட்டில் திரும்ப முடியாமல் பின்னுக்கு வந்து திரும்பும், அதற்குள் இரண்டு பக்கமும் அடைபட்டுவிடும். தீயணைப்பு வண்டிக்கும் அதே கதிதான்.

மிச்சம் இருப்பதில் மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் முதலில், கடைகளுக்கு மிக அருகில். வீல் சேரை இறக்க வேண்டும் என்பதால் சாதாரண கார் இடத்தின் 2.5 மீட்டர் அகலம் பத்தாது, 3.6 மீட்டர் வேண்டும். அடுத்தது சரக்கு இறக்கும் இடம். இதைப் பல திட்டங்கள் மறந்துவிடுகின்றன. டாடா ஏஸ் எங்காவது நின்றுதான் தீர வேண்டும், இடம் ஒதுக்கவில்லையென்றால் நடுரோட்டில் நிற்கும். காலை பத்து மணிக்குள் எங்கும் இறக்கலாம், அதன்பின் குறித்த இடத்தில் மட்டும், அதுவும் இருபது நிமிடம் என்று வைத்தால் பெரும்பாலான தெருக்களுக்குச் சரியாக வரும். ஆன்லைன் டெலிவரி பையன்களின் பைக்குகளுக்கும், ஆட்டோ ஸ்டாண்டுக்கும் இடம் குறித்துவிடுங்கள். பிறகு டூவீலர். கார் கடைசி.

டூவீலருக்கு ஏன் முன்னுரிமை? தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் டூவீலர்தான். ஒரு கார் இடம் 2.5க்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். ஒரு டூவீலருக்கு 1க்கு 1.8 மீட்டர் போதும். ஒன்றுக்கு 1 மீட்டர் வீதம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலே ஒரு கார் இடத்தின் 5 மீட்டர் நீளத்தில் ஐந்து பைக் நிற்கும், ஐந்து வாடிக்கையாளர் இறங்குவார்கள்.

கோடு போடும்போது சாதா பெயின்ட் வேண்டாம், ஒரு மழைக்காலம் தாண்டாது. சூடாக உருக்கிப் போடும் தெர்மோபிளாஸ்டிக் பூச்சைப் போடச் சொல்லுங்கள். டூவீலர் பகுதியின் இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னக் கட்டையோ பூச்செடித் தொட்டியோ வைத்தால்தான் கார் உள்ளே நுழையாது. நடைபாதைக்குக் குறுக்கே குட்டைத் தூண்கள் நடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை: வீல் சேர் போகிற இடைவெளி விட்டால் ஸ்கூட்டியும் போகும், ஸ்கூட்டி போகாத அளவு நெருக்கினால் வீல் சேரும் போகாது. தூணை மட்டும் நம்பிப் பயனில்லை, நடைபாதையில் ஏறும் பைக்குக்கு அபராதம் விழுந்தே ஆக வேண்டும்.

6. கட்டணம்: எவ்வளவு?

இங்கேதான் கூட்டத்தில் சத்தம் எழும். ஏழைகளுக்கு எதிரானது என்பார்கள். பஸ்ஸில் வருகிறவர் டிக்கெட் எடுக்கிறார், காரில் வருகிறவருக்கு நகரத்திலேயே விலை கூடிய நிலத்தில் பன்னிரண்டரை சதுர மீட்டரை நாள் முழுக்கச் சும்மா கொடுக்கிறோம், இதில் எது ஏழைகளுக்கு எதிரானது என்று திருப்பிக் கேளுங்கள். மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, பார்க்கிங் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

சென்னை மாநகராட்சி பல இடங்களில் வைத்திருந்த கட்டணம் மணிக்குக் காருக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5 ரூபாய். மேலே சொன்ன பரப்பளவை வைத்துப் பாருங்கள், கார் எடுக்கும் இடம் பைக்கைப் போல ஏழு மடங்கு, கட்டணம் நான்கு மடங்குதான். சதுர மீட்டர் கணக்கில் பைக்கில் வருகிறவர்தான் அதிகம் கொடுக்கிறார். பைக்குக்கு 5 என்றால் காருக்கு 35 வர வேண்டும்.

சரி, எந்த எண்ணில் நிறுத்துவது? அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூ.சி.எல்.ஏ.) பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் சொல்லிவிட்டுப் போன அளவுகோல் எளிமையானது: எந்த நேரம் வந்தாலும் இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 85 சதவீதம் நிரம்பியிருந்தால் விலை சரி. நம் 40 இடத் தெருவில் 34 நிறைந்து 6 காலி. எப்போதும் முழுசாக அடைந்து கிடந்தால் விலை குறைவு, பாதி காலி என்றால் விலை அதிகம், குறையுங்கள். அந்த ஒன்றிரண்டு காலி இடத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், இடம் தேடிச் சுற்றும் வண்டிகளும் நெரிசலைக் கூட்டுகின்றன. லாஸ் ஏஞ்சலஸின் வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சின்னக் கடைப் பகுதியில் ஷூப் எடுத்த கணக்குப்படி, சராசரியாக ஒருவர் மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம் தேடினார். ஆனால் பதினைந்து பிளாக் பகுதியில் அது ஒரு வருடத்துக்குச் சேர்ந்தால் 9.5 லட்சம் மைல் வெட்டி ஓட்டம்.

சான்பிரான்சிஸ்கோ 2011இல் எஸ்.எஃப்.பார்க் என்ற திட்டத்தில் இதை நிஜமாகவே செய்து பார்த்தது. தெருவுக்குத் தெரு, நேரத்துக்கு நேரம் தனி விலை, நிரம்புவதைப் பார்த்துச் சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றுவார்கள், கொஞ்சம் இறக்குவார்கள். சோதனை முடிவில் சராசரிக் கட்டணம் முன்பைவிடக் குறைந்திருந்தது, ஏனென்றால் கூட்டமில்லாத தெருக்களில் இறக்கியதுதான் அதிகம். அங்கே தரையில் சென்சார் பதித்தார்கள். நமக்கு அது வேண்டாம், மூன்றாம் படியில் சொன்ன அட்டையும் பேனாவும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

சில நடைமுறை விஷயங்கள். ரோட்டு விலை எப்போதும் உள்ளே இருக்கும் பார்க்கிங் விலையைவிட அதிகமாக இருக்க வேண்டும், இது தலைகீழாக இருக்கும்வரை எந்தக் கட்டடமும் நிரம்பாது. முதல் மணி நேரத்துக்கு ஒரு விலை, மூன்றாவது மணியிலிருந்து கூடுதல் என்று ஏறுவரிசை வையுங்கள். நாள் பாஸ், மாத பாஸ் ரோட்டுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், முதலில் வாங்குபவர் கடை முதலாளிதான். முதல் பத்து நிமிடம் இலவசம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தெருவில் தினமும் "இப்பத்தான் வந்தேன்" என்ற சண்டையில் முடியும். ஆம்புலன்ஸ், மாற்றுத்திறனாளி தவிர விலக்குப் பட்டியல் வேண்டாம். பிரஸ், வக்கீல், கட்சிக் கொடி என்று ஸ்டிக்கர்களுக்குத் திறந்துவிட்டால் பட்டியலுக்கு முடிவே இருக்காது.

7. வசூல்: ஏலத்தில் விடாதீர்கள்

பழைய முறை எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு இவ்வளவு என்று ஏலம், அதிகம் கேட்டவருக்குத் தெரு. அவர் மாநகராட்சிக்குக் கட்டிய பணத்தை எடுக்க வேண்டும், அதற்கு மேல் லாபமும் பார்க்க வேண்டும், அதனால் எவ்வளவு வண்டியைத் திணிக்கிறாரோ அவ்வளவு நல்லது அவருக்கு. முனையிலும் நிறுத்தச் சொல்வார், நடைபாதையிலும் ஏற்றச் சொல்வார். துண்டுச் சீட்டில் 5 ரூபாய் என்று அச்சடித்திருக்கும், பையன் பத்து கேட்பான், பால் பாயின்ட் பேனாவால் நான்கு எண்ணைக் கிறுக்கிக் கண்ணாடியில் சொருகுவான், கேள்வி கேட்டால் "ஆபீஸ்ல கேளுங்க சார்". இன்னொரு பிரச்சினை, எத்தனை வண்டி வந்தது என்ற கணக்கே மாநகராட்சியிடம் இருக்காது.

மாற்று முறை: வசூல் முழுக்க மாநகராட்சிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், நடத்துகிறவருக்கு வேலைக்கான கூலியை மாதாமாதம் கொடுங்கள். டெண்டரில் இவற்றை எழுதுங்கள்: கையடக்க மெஷினில் வண்டி எண், வந்த நேரம், இடம் அச்சாகும் ரசீது, யூ.பி.ஐ. க்யூ.ஆர். கோடு மாநகராட்சிப் பெயரில் மட்டும். ரசீது இல்லையென்றால் காசு கொடுக்க வேண்டாம் என்ற போர்டு ஒவ்வொரு முப்பது மீட்டரிலும். ஊழியருக்கு மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., மழைக்கோட்டு, உட்கார ஒரு ஸ்டூல், கழிப்பறை வசதி. கடைசி மூன்றையும் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள், கமிஷனில் வெயிலில் நிற்கும் ஆள்தான் பத்து ரூபாய் கேட்கிறான். திடீர் சோதனையாக ஒரு மணி நேரம் நம்பர் பிளேட் கணக்கு எடுத்து மெஷின் பதிவோடு ஒப்பிடுங்கள், வித்தியாசம் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் கூலியில் பிடித்தம்.

ஒப்பந்த காலம் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் வேண்டாம். 2008இல் சிகாகோ நகரம் தன் 36,000 பார்க்கிங் மீட்டர்களை ஏறக்குறைய 115 கோடி டாலருக்கு 75 வருடத்துக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அடுத்த வருடமே நகரத்தின் தணிக்கை அதிகாரி இதைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட வாங்கியிருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். அதைவிட மோசம், திருவிழாவுக்கோ வேலைக்கோ தெருவை மூடினால் நகரமே அந்த நிறுவனத்துக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும். நம் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்: பார்க்கிங்கை எடுத்துவிட்டு நடைபாதையோ பஸ் பாதையோ போட மாநகராட்சிக்கு எப்போதும் உரிமை உண்டு, இழப்பீடு கிடையாது.

8. அபராதம், பூட்டு, தூக்கு வண்டி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவை எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டும். தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையோ, பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்ட வண்டியையோ அகற்றவும் சக்கரத்தைப் பூட்டவும் உத்தரவிடலாம், ஆனால் அந்த உத்தரவைக் கொடுக்க வேண்டியவர் சீருடையில் உள்ள அந்தப் பகுதி போலீஸ் அதிகாரி. கான்ட்ராக்டர் ஆள் தானாக வந்து பூட்டுப் போட்டால் அது செல்லாது, அடிதடியும் நடக்கும். ஆகவே எல்லைக்குள் நிரந்தரமாக ஒரு போக்குவரத்துக் காவலரை இரண்டாம் படியிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எதற்கு எது? வழியை மறித்து நிற்கும் வண்டிக்குப் பூட்டுப் போடுவது அபத்தம், மறித்தபடியே இன்னும் இரண்டு மணி நேரம் நிற்கும். அதைத் தூக்க வேண்டும். கோட்டுக்குள் நின்றுகொண்டு காசு கட்டாமல் இருக்கும் வண்டிக்குப் பூட்டு பொருத்தம். மற்றதுக்கெல்லாம் போட்டோவோடு இ-சலான். தமிழ்நாட்டில் நோ பார்க்கிங்குக்கு முதல் தடவை 500, மறுபடி செய்தால் 1,500 ரூபாய். தொகை போதும், விழுவதுதான் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பத்து வண்டியைத் தூக்கி டிவியில் காட்டுவதைவிட, தினமும் நிச்சயமாக விழும் 500 ரூபாய்க்குப் பலன் அதிகம். முதல் வாரம் எச்சரிக்கைச் சீட்டு, இரண்டாவது வாரத்திலிருந்து சலான். அந்த முதல் சலான்களில் ஒன்றாவது அரசு ஜீப்புக்கோ கவுன்சிலர் வண்டிக்கோ விழட்டும், ஊர் முழுக்கப் பேச்சு தானாகப் பரவும்.

9. வந்த பணத்தைத் தெருவிலேயே காட்டுங்கள்

கலிஃபோர்னியாவில் ஓல்ட் பாசடீனா என்ற பழைய கடைவீதி சீரழிந்து கிடந்தது. 1993இல் பார்க்கிங் மீட்டர் வைக்கலாம் என்றபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். வசூல் முழுவதும் இந்தத் தெருக்களுக்கே செலவாகும் என்று நகரம் ஒப்புக்கொண்டதும் அவர்களே சரி என்றார்கள். நடைபாதை, விளக்கு, மரம், தினசரி சுத்தம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தது. இங்கேயும் தனிக் கணக்கு வையுங்கள், பாதியாவது அந்த எல்லைக்குள் செலவாகட்டும். போன மாதம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று தெருமுனையில் ஒரு போர்டு. முதல் செலவு நல்ல கழிப்பறை என்றால் எதிர்ப்பில் பாதி அடங்கிவிடும், கடைத்தெருவுக்கு வரும் பெண்களுக்கு அதைவிடப் பெரிய குறை எதுவும் கிடையாது.

10. வேலை பார்ப்பவர்கள், குடியிருப்பவர்கள், திருவிழா

கடை ஊழியர்களின் பைக்கை ரோட்டிலிருந்து கிளப்பினால் எங்கே போவார்கள் என்று யோசித்தாக வேண்டும். நான்காம் படியில் கண்டுபிடித்த மண்டபத்திலோ காலி மனையிலோ மலிவான மாத பாஸ் கொடுங்கள், ஐந்து பத்து நிமிட நடை தாங்கும். ஆனால் இரவு ஒன்பதரைக்குக் கடை மூடி வருகிற பெண்கள் அந்த வழியில் தனியாக நடக்க வேண்டும், விளக்கும் ஒரு காவலாளும் இல்லாமல் இதைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

குடியிருப்புத் தெருவில் வீட்டுக்கு ஒரு வண்டிக்கு மாதக் கட்டணத்தில் அனுமதி, இரண்டாவதுக்கு இரண்டு மடங்கு. கேட் வாசலில் கல், பூந்தொட்டி, சொந்தமாக எழுதிய நோ பார்க்கிங் பலகை வைத்து ரோட்டைப் பிடிப்பதையும் அதே நாளில் எடுத்துவிட வேண்டும். கேட்டை மறிப்பது தவறு, கேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள பொது ரோடு யாருடைய சொத்தும் இல்லை. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டுக்கு அருகில் (இப்போது இரண்டு கிலோமீட்டருக்குள்) நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். இங்கே ஒரு வார்டு மட்டும் தனியாகச் செய்ய முடியாத காரியம் அது, மாநில அரசுதான் கொண்டுவர முடியும்.

தீபாவளி வாரத்தையோ, மதுரையில் சித்திரைத் திருவிழா நாட்களையோ சாதாரண விதிகளால் சமாளிக்க முடியாது. அந்த நாட்களுக்கு ரோட்டு பார்க்கிங்கை முழுசாக எடுத்துவிட்டு, தூரத்து மைதானங்களில் நிறுத்தவைத்து மினி பஸ் விடுவதே வழி.

11. இப்போது கட்டடத்தைப் பற்றிப் பேசலாம்

மேலே சொன்னதையெல்லாம் ஆறு மாதமாவது நடத்தியபின், விலை ஏற்றியும் ரோடு நிரம்பி, மீட்ட பேஸ்மென்ட்டுகளும் மண்டபங்களும் நிரம்பி, இன்னும் தேவை இருந்தால் கட்டுங்கள். பெரும்பாலான கடைத்தெருக்களில் அந்த நிலை வராது என்பது என் அபிப்பிராயம். வந்தால், ரேம்ப், வளைவு, தூண் எல்லாம் சேர்த்து பேஸ்மென்ட்டில் ஒரு காருக்கு 32 சதுர மீட்டர் தேவை என்பது டெல்லி மாஸ்டர் பிளான் கணக்கு, ஒரு சின்ன ஒற்றை அறை வீட்டுக்கான இடம் அது. இயந்திரத்தில் ஏற்றி இறக்கும் வகை குறைந்த இடத்தில் அடங்கும், ஆனால் சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி கேட்கும்போது வரிசை நிற்கும், கரன்ட் போனால் ஜெனரேட்டரும் மெக்கானிக்கும் உடனே வேண்டும். டூவீலருக்குத் தரைத்தளத்தைக் கொடுங்கள், மூன்றாவது மாடிக்குப் பைக்கை ஏற்றச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

கட்டட டெண்டரிலேயே இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள்: கட்டடம் திறக்கும் அதே நாளில் அதைச் சுற்றி 400 மீட்டருக்குள் ரோட்டில் உள்ள இடங்களுக்கும் கட்டணமும் அபராதமும் அமலுக்கு வந்திருக்க வேண்டும், இரண்டையும் ஒரே நிர்வாகம் நடத்த வேண்டும், இல்லையென்றால் திறப்பு விழா தள்ளிப்போகும்.